64,800 பொம்மைகள்

வீட்டில் 'ஜி.எஸ்.டி. கூட்டம்' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு பஸ் ஏறினேன். உண்மையில் போனது ஒரு அனிமேஷன் பட டைரக்டரின் பேச்சைக் கேட்க. முப்பத்தைந்து வயசில் பொம்மைப் படம் எடுக்கிற ஆசை என்று சொன்னால் ராத்திரி சோறு கிடைக்காது, ஸார்!

ஆசை பழசு. பி.காம். படித்தபோது அக்கவுண்டன்ஸி புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு குச்சி மனிதன் வரைந்து வைத்திருந்தேன். சர்ரென்று புரட்டினால் அவன் ஓடிப்போய் பேலன்ஸ் ஷீட் தடுக்கி விழுவான். அந்தப் புத்தகத்தால் நான் அடைந்த ஒரே லாபம் அதுதான்.

ஹால் முழுக்கக் காலேஜ் பையன்கள். மகனைக் கொண்டுவிட வந்த அப்பா என்று நினைத்து, என்னைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

டைரக்டர் முதலில் மறைந்த ராம் மோகனைப் பற்றிச் சொன்னார். மெட்ராஸ் யூனிவர்சிடியில் கெமிஸ்ட்ரி படித்தவர். 1956-ல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றார். பிற்பாடு ஜப்பான்காரர்களோடு சேர்ந்து அவர் பணியாற்றிய ராமாயணப் படம்தான், 2025 ஜனவரியில் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தது. கெமிஸ்ட்ரிக்கு வழி இருந்தால் காமர்ஸுக்கு இருக்காதா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த நிமிஷமே சரிந்தேன். சினிமாவுக்கு வினாடிக்கு 24 ஃபிரேம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு ஓட்டினாலும் வினாடிக்கு 12 படம் வரைய வேண்டும். காமர்ஸ் மூளை சும்மா இருக்குமா? பஸ் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 64,800 படங்கள். நாளைக்குப் பத்து வரைந்தால், ஞாயிற்றுக்கிழமையும் லீவு போடாமல், பதினேழே முக்கால் வருஷம்!

"எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும் சார்?" என்றான் ஒரு பையன்.

"ஒரு ஆள் நடக்கும்போது உடம்பு பாரம் எந்தக் கால்ல எப்ப மாறுதுன்னு பார்த்திருக்கியா? அதை முதல்ல கத்துக்கோ" என்றார் அவர். பையன் தன் காலையே பார்த்தான். நானும்தான்.

ஊர் திரும்பியதும் எதிர்வீட்டுத் தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் சாய்ந்தேன். உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. ஓட்டை போட்ட அட்டைகள் ஃபிலிம் சுருள் மாதிரி கோத்துத் தொங்கின. அவர் மிதிக்க மிதிக்க ஒவ்வொரு அட்டையாக நகர்ந்தது. ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. எந்தப் பாவு நூல் மேலே எழும்ப வேண்டும் என்று அந்த ஓட்டைகள்தான் சொல்லும். இத்தனை வருஷமாக எதிரிலேயே இருந்தும் நான் பார்த்ததில்லை. கரையில் ஒரு மயில் கால்வாசி வந்திருந்தது.

"அண்ணே, ஒரு சேலைக்கு எத்தனை ஊடை இருக்கும்?"

அவர் தலை நிமிரவில்லை. "எண்ணிட்டிருந்தா எப்பத் தம்பி நெய்யறது?"

அன்று ராத்திரி ஒரு நோட்டை எடுத்து, ஓரத்தில் நடக்கிற ஆள் ஒருத்தனைப் பத்து படமாக வரைந்தேன். புரட்டிப் பார்த்தேன். கொஞ்சம் நொண்டினான். ஆனால் நடந்தான்!

தோளுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல்:

"ஜி.எஸ்.டி. கூட்டத்துல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

பாக்கி 64,790.