விரலுக்கு வந்த வேலை

பாறசாலை, நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை என்று தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி. திருவிழாக் காலத்தில் பேண்டு செட்டில் கிளாரினெட்காரர் வராவிட்டால், சாக்ஸபோன்காரரிடம் அதைத் தருவார்கள். இரண்டும் ஒற்றை ரீட் வாத்தியம்தானே என்று அவரும் ஊதுவார். எடுத்த எடுப்பிலேயே கிறீச்! அடுத்த ஆண்டு அழைப்பு வருமா என்பது அந்தக் கிறீச்சில் இருக்கிறது.

கோளாறு உதட்டில் மட்டுமல்ல, விரலிலும்தான். சாக்ஸபோனில் துளைகளை அடைப்பவை மெத்தை வைத்த மூடிகள். விரல் சற்று விலகினாலும் மூடி தன் வேலையைச் செய்துவிடும். கிளாரினெட்டில் முன்பக்கம் ஆறு, பின்பக்கம் ஒன்று என ஏழு துளைகளை விரல் சதையே அடைக்க வேண்டும். இழையளவு இடைவெளி போதும், நாதம் பிசிறும். பயந்து அழுத்தினால் விரல் விறைத்து வேகம் போய்விடும். நுனியால் மூடாமல், ரேகை பதியும் சதையால் மெல்ல மூடுவதே வழி. சாக்ஸபோனின் பாரத்தைக் கழுத்து வார் தாங்கும். கிளாரினெட்டின் பாரம் பெரும்பாலும் வலது கட்டைவிரல் மேல்.

இடது கட்டைவிரலுக்கு இரட்டை வேலை. சாக்ஸபோனில் அதன் சாவியை அழுத்தினால் ச, மேல் ச ஆகும். கிளாரினெட்டிலோ மேல் ச-வையும் தாண்டி ப-வுக்குப் போகும். ஒரே பிடிக்குக் கீழே ஒரு ஸ்வரம், மேலே வேறு ஸ்வரம்! துளையை விடாமல் விரலைச் சாய்த்தே சாவியைத் தொட வேண்டும். கீழ்ப் பகுதியிலிருந்து மேலே தாவும் இடத்தில், அநேகமாகத் திறந்திருக்கும் துளைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். வலது கை விரல்களை முன்கூட்டியே மூடி வைப்பது அனுபவசாலிகளின் உபாயம்.

இத்தனை சிரமத்துக்கும் பலன் உண்டு. திறந்த துளையில் விரலை மெல்ல நகர்த்தினால் கமகம் பிறக்கும். மூடி போட்ட சாக்ஸபோனில் அது சுலபமில்லை. நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் (1949-2019) அதற்காக வாத்தியத்திலேயே மாற்றங்கள் செய்தார். கிளாரினெட்டில் நாகஸ்வர பாணியைக் கொண்டுவந்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

எல்லையோரக் கலைஞர் விருதுக்கு ஊதவில்லை. கொடியேற்றத்துக்குச் சில வாரம் முன்பே கிளாரினெட்டை எடுத்து, கீழ் ஸ்வரங்களை நிதானமாகச் சாதகம் செய்தால் அடுத்த ஆண்டும் அழைப்பு வரும். முதல் நாள் ராத்திரி எடுப்பவருக்குக் கிறீச்தான்.