ஐந்து சந்தியை எட்டாத அபிவிருத்தி

2025 ஒக்டோபர் 30 ஆம் திகதியுடன் நாம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு 35 வருடங்கள் நிறைவடைகின்றன. வழமைபோல நினைவுக் கூட்டங்கள் நடக்கும், அறிக்கைகள் வெளிவரும். நான் இம்முறை கானைப் பற்றியும் நடைபாதையைப் பற்றியும் பஸ் நிலையத்தைப் பற்றியும் எழுதப் போகிறேன். இந்த மாதத்தில் எழுதுவதற்கு இவனுக்கு வேறு விடயம் கிடைக்கவில்லையா என்று சிலர் நினைக்கக்கூடும். வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான், அந்தக் கதையை எவரிடமும் கேட்டு எழுத வேண்டிய நிலையில் இல்லை. ஆனால் இன்று புத்தளத்தில் இருக்கும் என் தங்கச்சி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வராமல் இருப்பதற்கு அவள் சொல்லும் காரணங்களில் 1990 இல்லை. மழைக்காலத்தில் வளவுக்குள் நிற்கும் தண்ணீரும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் வழியும், இரவு பஸ்ஸில் வந்து இறங்கினால் எப்படி வீடு சேர்வது என்பதும்தான் இருக்கின்றன.

கடந்த தவணையில் தரம் 9 மாணவர்களிடம் வீட்டிலிருந்து நகரத்துக்குப் போகும் வழியைப் பரும்படிப் படமாக வரையச் சொன்னேன். அளவுத்திட்டம் தேவையில்லை, வடக்குத் திசையை மட்டும் குறித்தால் போதும் என்றேன். நகரப் பகுதியைப் பிள்ளைகள் அழகாகவே வரைந்திருந்தார்கள். பொது நூலகத்தின் குவிமாடம், மணிக்கூட்டுக் கோபுரம், கோட்டை, கலாசார மண்டபம், ஆரியகுளத்தின் நீரூற்று எல்லாம் இருந்தன. பொம்மைவெளியில் இருந்து வரும் ஒரு பிள்ளை தன் வீட்டுக்கு முன்னால் வீதியைக் குறுக்கறுத்து அகலமாக நீல நிறம் தீட்டியிருந்தான். வாய்க்காலா என்று கேட்டேன். "இல்ல சேர், அது மழைத் தண்ணி. ஐப்பசியில வந்தா தை மட்டும் நிக்கும்" என்றான். படத்துக்குப் புள்ளி போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த நீல நிறம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

யாழ் நகரம் கடந்த பதினைந்து வருடங்களில் மாறியிருக்கிறது. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். 1990 ஜூன் 13 ஆம் திகதி நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி மீண்டும் யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்துக்குள் வந்தது. அந்த நிலையம் கூரையில்லாமல், மரம் முளைத்துக் கிடந்ததை 2002 சமாதான காலத்தில் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். கண்டி, காலி நகரங்களுக்காக 2014 இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தந்திரோபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டத்தில் 2016 இல் யாழ்ப்பாணமும் சேர்க்கப்பட்டது. அதற்கெனக் கிடைத்த மேலதிகக் கடன் 55 மில்லியன் அமெரிக்க டொலர். வீதி, வடிகால், குளம், பொது இடம், மரபுரிமைக் கட்டிடம் என்பன அதில் அடங்கின. பொது நூலகத்துக்கு அருகே இந்திய அரசின் நன்கொடையில் சுமார் 12 மில்லியன் டொலர் செலவில் பதினொரு மாடிக் கலாசார மத்திய நிலையம் எழுந்தது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி யாழ்ப்பாணம் வந்தபோது அடிக்கல் நாட்டப்பட்ட அது 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் ஆரம்பத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வந்து மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு வேலை ஆரம்பித்து வைத்தார். யாழ் நூலகத்தில் மின்னூலகத் திட்டம் தொடங்கியது. கடவுச்சீட்டு அலுவலகமும் திறக்கப்பட்டது. இனிக் கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லைக்கு ஓட வேண்டியதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இவற்றை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பண்ணைக் கடற்கரையில் தொடங்கி, கோட்டை, நூலகம், புல்லுக்குளம் என்று போய், ஸ்ரான்லி வீதியால் புகையிரத நிலையத்தையும் ஆரியகுளத்தையும் தொட்டு முடியும் ஒரு பிறை வடிவம் கிடைக்கும். குடும்பத்தோடு போய் அமர்ந்து காற்று வாங்கக்கூடிய இடங்கள் எல்லாம் அந்தப் பிறைக்குள்தான். சோனகத்தெரு, ஐந்து சந்தி, நாவாந்துறை, பொம்மைவெளி ஆகியன அதற்கு வெளியே வடமேற்கில் கிடக்கின்றன. நூலகத்திலிருந்து ஐந்து சந்திக்கு நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. 1950களில் இந்த மாநகரத்தின் முதல்வராக எம். எம். சுல்தான் இருந்திருக்கிறார். அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்து இந்த வீதிகளில் நடந்து பள்ளிக்கூடம் போனவர். அப்போது இது நகரத்தின் ஓரமாக இருக்கவில்லை.

வடிகாலின் விடயத்தைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் அழகுபடுத்தலை விட அதுதான் வீட்டுக்குள் வருகிறது. குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை. நிலம் தட்டை, அடியில் சுண்ணாம்புக்கல். வடகீழ் பருவமழை கொட்டும் இரண்டு மூன்று மாதத் தண்ணீர் குளங்களில் தேங்கி, கொஞ்சம் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளை நிரப்பும், மிச்சம் வாய்க்கால்களால் கடல்நீரேரிக்குப் போகும். முன்னோர் குளத்தைக் குளத்தோடு தொடுத்து வைத்தது அதற்காகத்தான். ஒரு குளத்தைத் தூர்த்தால், அல்லது ஒரு வாய்க்காலுக்கு மேல் கடை கட்டினால், தண்ணீர் வேறு வழி தேடும். மேட்டுப் பக்கத்துக் கானை மட்டும் சீமெந்து போட்டுச் சீராக்கினால் தண்ணீர் வேகமாக ஓடும். எங்கே ஓடும்? கடல்நீரேரிக் கரையில் இருக்கும் பள்ளமான நிலத்துக்கு. நாவாந்துறையும் பொம்மைவெளியும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கின்றன. நகரத்துக்கு நிலக்கீழ் கழிவுநீர்க் குழாய்த் தொகுதியும் இல்லை. மலசலகூடக் குழிகளும் கிணறுகளும் ஒரே வளவில். வெள்ளம் வந்தால் இரண்டும் கலக்கும். 2024 நவம்பரில் பெங்கல் புயல் கொண்டுவந்த மழையில் யாழ் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின என்பது எல்லோருக்கும் தெரியும். முழுமையாக முடிக்காத வடிகால் திட்டம் கடைசியில் இருப்பவனுக்குத் தண்ணீரை அனுப்பிவைக்கும் திட்டமாகவே இருக்கும். அவன் முஸ்லிமா தமிழனா என்று தண்ணீர் பார்ப்பதில்லை. நாவாந்துறைக் கடற்றொழிலாளர் குடும்பங்களும் எங்களோடு சேர்ந்துதான் நனைகின்றன.

ஏன் எம்மவர்கள் பள்ளத்தில் போய் வீடு கட்டினார்கள் என்று நகரத்து நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 1990 இல் ஒரு வீட்டிலிருந்து போன ஒரு குடும்பம் இன்று நான்கு குடும்பங்கள். போன வளவு ஒன்று, திரும்பி வருவோர் நால்வர். சிலருடைய காணியில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இடம்பெயர்ந்தோரின் காணி உரிமை காலாவதியாகாமல் பாதுகாக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது, ஆனால் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான். எத்தனை பேர் அந்த இரண்டு வருடத்துக்குள் நீதிமன்றப் படி ஏறினார்கள்? மலிவாகக் கிடைத்த இடம் பள்ளம்தான்.

போக்குவரத்துக்கு வருவோம். புத்தளத்திலும் புகையிரதம் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. ஆனால் புத்தளத்துப் பாதை ராகமையில்தான் பிரதான பாதையோடு சேர்கிறது. வடக்கே போவதற்காக நூறு கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போக வேண்டும். மாஹோ முதல் ஓமந்தை வரை பாதை புதுப்பிக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் அநுராதபுரத்தில் திறப்பு விழாவும் நடந்தது. கொழும்பு யாழ்ப்பாணப் பயணிக்கு நல்ல செய்தி. எமக்கோ இன்றும் அநுராதபுரம், வவுனியா வழியாக பஸ்தான். ஆகவே யாழ் நகரத்தில் பஸ் எங்கே நிற்கிறது என்பது எமது சமூகத்துக்குச் சின்ன விடயம் இல்லை.

அது சீராகவில்லை. தூர இடங்களுக்கான புதிய பஸ் நிலையம் 2021 இல் திறக்கப்பட்டது. தனியார் பஸ்கள் அங்கே போயின. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்கள் வைத்தியசாலை வீதியிலுள்ள மத்திய பஸ் நிலையத்தை விட்டுப் போக மறுத்தன. இணைந்த நேர அட்டவணை பற்றிப் பேச்சுவார்த்தை, பணிப்பகிஷ்கரிப்பு, மீண்டும் பேச்சுவார்த்தை. இரண்டு தரப்புக்கும் அவரவர் நியாயம் உண்டு. புதிய இடத்துக்குப் போனால் உள்ளூர்ப் பஸ் பிடிக்கும் பயணியை இழப்போம் என்று சபை ஊழியர்கள் பயப்படுகிறார்கள். கட்டிடத்தைக் கட்டிய பிறகு அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதுதான் பிழை. போன நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து என் மாமியை வழியனுப்பப் போனபோது ஒரு நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, பஸ் மற்றதில் நிற்கிறது என்று அறிந்து மூட்டைகளோடு ஓட்டோ பிடித்தோம். ஓட்டோக்காரத் தம்பி சிரித்துக்கொண்டு, "அண்ணை, இந்தச் சண்டை தீர்ந்தால் எங்கட பிழைப்புப் போயிடும்" என்றான்.

ஆரியகுளத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதில் எமக்குப் படிப்பினை இருக்கிறது. குப்பையும் பாசியுமாகக் கிடந்த அந்தக் குளம் 2021 டிசம்பரில் நடைபாதையும் வாங்குகளும் விளக்குகளுமாகத் திறக்கப்பட்டது. அப்போதைய முதல்வர் மணிவண்ணனின் காலத்தில், தமிழ்த் தனவந்தர் ஒருவரின் அறக்கட்டளை நிதியில் நடந்த வேலை. அங்கே எந்த மதத்தின் சின்னமும் வைப்பதில்லை என்று மாநகர சபை தீர்மானித்தது. அருகில் நாகவிகாரை இருப்பதால் அந்தத் தீர்மானம் பெரிய வாதத்தைக் கிளப்பியது. என் அபிப்பிராயம், அந்தத் தீர்மானம் சரியானது. எங்கள் பெண்கள் அபாயா அணிந்து மாலையில் அங்கே போய் அமர்கிறார்கள், பக்கத்து வாங்கில் ஒரு தமிழ்ப் பாட்டி பேரனுக்குக் கடலை உரித்துக் கொடுக்கிறார். யாரும் யாரையும் இது உன் இடமா என்று கேட்பதில்லை. முப்பத்தைந்து வருடப் பிரிவுக்குப் பிறகு இந்த இரண்டு சமூகங்களும் பேசிப் பழக ஒரு கருத்தரங்கு மண்டபத்தை விட அந்த வாங்கு பயன்படும் என்று நினைக்கிறேன்.

படிப்பினை பணத்தைப் பற்றியது. எமது சமூகத்திலும் தனவந்தர்கள் இருக்கிறார்கள். கொழும்பிலும் புத்தளத்திலும் வெளிநாட்டிலும் இருக்கும் யாழ்ப்பாணத்தவர் பள்ளிவாசல்களைத் திருத்த அள்ளிக் கொடுத்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரியட்டும். ஆனால் மினாராவுக்குக் கேட்டால் வரும் பணம் கானுக்குக் கேட்டால் வருவதில்லை. பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதும் ஈமானின் கிளை என்று மத்ரஸாவில் படித்தவர்கள்தான் நாம்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. தந்திரோபாய நகரத் திட்டத்தில் எங்களோடு இருந்த காலியைப் பாருங்கள். அங்கே கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். பள்ளிவாசலும் 1892 இல் தொடங்கிய பஹ்ஜதுல் இப்ராஹிமிய்யா அரபுக் கல்லூரியும் இன்றும் இருக்கின்றன. 1988 இல் உலக மரபுரிமையாகி, சுற்றுலா பெருகி, காணி விலை ஏறியபோது பல குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டுக் கோட்டைக்கு வெளியே போயின. அந்த வீடுகள் இன்று விடுதிகள். யாரும் விரட்டவில்லை, நல்ல விலை கொடுத்தே வாங்கினார்கள். யாழ் நகரத்திலும் சோனகத்தெருவில் கூரையில்லாமல் நிற்கும் வீடுகளுக்கு விலை கேட்டு வருகிறார்கள். பிறை வடிவம் ஒரு நாள் எங்கள் பக்கமும் விரியும். அப்போது ஐந்து சந்தியில் அழகான நடைபாதை வந்து, அதில் நடக்க நாம் இல்லாமல் போனால் என்ன பயன்?

அதனால்தான் இப்போதே பேச வேண்டும் என்கிறேன். எந்த நகர அபிவிருத்தித் திட்டமும் இறுதியாக்கப்படும் முன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு ஆட்சேபங்கள் பெறப்பட வேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். வடிகால் வரைபடம் எங்கே முடிகிறது என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். நான் ஓர் அலுவலகத்தில் வாயால் கேட்டபோது, "சேர், உங்கட பக்கத்திலயிருந்து இதைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். அது அவருடைய சாட்டாகவும் இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. வாக்காளர் பதிவு புத்தளத்தில், காணி உறுதி கொழும்பில், வருடத்தில் இரண்டு தடவை வந்து போகிறோம். கேள்வி கேட்கும் ஆள் மட்டும் யாழ்ப்பாணத்தில் இல்லை.

தகவல் கோரும் விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன். நாவாந்துறை, பொம்மைவெளிப் பக்கத்து வடிகால், பாடசாலைப் பிள்ளைகள் நடக்கும் வீதிகளில் நடைபாதையும் தெருவிளக்கும், இரவில் இறங்கும் பயணிக்கு பஸ் நிலையத்திலிருந்து ஐந்து சந்தி வரை ஒரு சேவை என்று மூன்று விடயங்கள். நாவாந்துறைத் தமிழ்ச் சகோதரர்கள் சிலரும் தங்கள் பெயரையும் சேர்க்கக் கேட்டிருக்கிறார்கள். நினைவு நாளுக்கு ஊருக்கு வருவோர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கொஞ்சம் நின்று கையொப்பமிட்டுப் போங்கள். அந்தப் பிள்ளை வரைந்த படத்தையும் பிரதி எடுத்து இணைக்கப் போகிறேன், அவனுடைய வாப்பாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் தண்ணீர் தெரியாது என்பதால் வர்ணப் பிரதிதான் எடுக்க வேண்டும்.