மூணாவதா ஒண்ணு எதுக்கு?

என் ஆபீஸ் பைக்குத் தங்கமணி வச்சிருக்கற பேரு "நடமாடும் மளிகைக்கடை". லேப்டாப், அதோட சார்ஜர், போன், பவர் பேங்க், இது போதாதுன்னு அரை கிலோவுல ஒரு ஐபேட். புனேயில அஞ்சு வருஷம் இதையெல்லாம் சுமந்தவன்ங்கற தகுதியில சொல்றேன்: வேலைக்குப் போற ஆளுக்கு இந்த மூணாவது சாமான் வேண்டாம். (படம் வரையறவங்க சண்டைக்கு வராதீங்க, உங்க கணக்கே வேற.)

2010 ஜனவரியில ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகப்படுத்தினப்போ, போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல ஒரு இடம் இருக்குன்னார். அன்னிக்கு அது நியாயம்தான். அப்போ ஐபோன் திரை 3.5 அங்குலம், ஐபேட் திரை 9.7. இப்போ 6.7 அங்குல போன் சர்வசாதாரணம். ஓடிபி வர்றது போனுக்கு. எக்செல்லோட மல்லுக்கட்ட லேப்டாப். டேப்லெட்டுக்குக் கீபோர்டு உறை வாங்கினா எடையும் விலையும் ஏறி, அதுவும் லேப்டாப்போட ஒண்ணுவிட்ட தம்பி ஆயிடுது. ஐபேடுக்குன்னு வாட்ஸ்அப் வந்ததே 2025 மே மாசம்தான், அப்பவும் போன் கணக்கோட இணைக்கணும்னாங்க!

அப்புறம் ஏன் விக்கலைன்னு கேக்கறீங்களா? தீபாவளிக்குக் கோவில்பட்டி போயிருந்தேன். அப்பா போன் திரை மேல பூதக்கண்ணாடியைப் பிடிச்சு, மதுரைத் திட்டத்து பிடிஎஃப் ஒண்ணைப் படிச்சிட்டிருந்தார். ஏ4 தாள் அகலம் 21 செ.மீ. போன் திரை சுமார் 7. எழுத்து மூணுல ஒரு பங்காச் சுருங்கிடும். பெருசாக்கினா ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளணும். ஐபேட்ல அகலம் கிட்டத்தட்ட 15. கொடுத்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி மேசைக்குப் போயிடுச்சு.

கிளம்பற அன்னிக்கு, "ஏலே, இது இங்கனயே இருக்கட்டுமா?"ன்னார். எதையும் கேட்டு வாங்கற மனுஷர் இல்லை. "இருக்கட்டும்ப்பா"ன்னு வச்சிட்டு வந்துட்டேன்.

இத்தனை வருஷமா வீடியோ கால்ல அம்மாவோட காதைத்தான் பார்த்திருக்கேன். போனைக் காதுலயே வச்சுக்குவாங்க, சொன்னாலும் மறந்துடுவாங்க. இப்போ ஐபேடைச் சோத்துப்பானை மேல சாய்ச்சு வச்சிடறாங்க. அடுப்படி முழுசும் தெரியுது. போன ஞாயித்துக்கிழமை அம்மா கொல்லைக் கதவுவரைக்கும் சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடக்கறதைப் பார்த்தேன். முழங்கால் வலி, மூணு மாசமாவாம். "அது கிடக்கு, உனக்கு எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்யா"ங்கறாங்க. தினமும்தான் பேசறோம்! போன்ல முகம் மட்டும் தெரிஞ்சவரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியலை.

அடுத்த வாரத்துக்கு டிக்கெட் போட்டிருக்கேன். பையில லேப்டாப்பும் ஒரு முழங்கால் பட்டையும்தான்.