ஊசியைப் பறிக்காதீர்கள்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் என் துணைவியாரின் தையல் பெட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். அவருக்குப் புற்றுநோய்க்கான மருந்து ஏற்றத் தொடங்கிய வாரம் அது. விரல் நுனிகள் மரத்துப் போகக்கூடும், வெள்ளை அணுக்கள் குறையக்கூடும், சிறு காயமும் புண்ணாகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவ்வளவையும் கேட்ட எனக்கு ஊசி ஒன்றுதான் கண்முன் நின்றது. "இனி ஓய்வெடு, தைத்தது போதும்" என்றேன். அவர் மறுக்கவில்லை. "சரிங்க" என்றார். அதன்பின் பல வாரங்கள் அவர் பேசியதே குறைவு. நோயின் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தப் பெட்டிக்குள் பாதியில் நின்ற ஒரு போர்வை இருந்தது. மறைந்த என் மாமியாரின் பருத்திப் புடவைகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, விளிம்பை மடித்து, ஓடு தையலால் இணைத்து, மேலே வண்ணத் துணித் துண்டுகளைப் பூவாகவும் கிளியாகவும் வெட்டி ஒட்டுத்தையல் போட்டது. பேரப்பிள்ளைக்காகத் தொடங்கியது. குளிர்நாடுகளில் இவ்வேலையைக் கம்பளித் துணியில் செய்வார்களாம். பருத்தி விளையும் பெரம்பலூர்ச் சீமையில் நமக்குக் கம்பளி எதற்கு? துவைக்கத் துவைக்க மென்மையாகும் பழம்புடவையைவிட நோயுற்ற உடலுக்கு இதமான துணி வேறில்லை. ஒட்டுத்தையலும் நமக்குப் புதிதன்று. திருவிழாத் தேரின் நான்கு பக்கமும் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். துணியை வெட்டி, துணியின்மேல் வைத்துத் தைத்த அதே வேலைதான்.

நான்காம் முறை மருந்தேற்றச் சென்றபோது, "நான் தைக்கலாங்களா டாக்டர்?" என்று அவரே கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை. மருத்துவர் விரல்களைத் தொட்டும் அழுத்தியும் உணர்ச்சியைச் சோதித்தார். இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. தைக்கலாம், ஆனால் சில கட்டுப்பாடுகள் உண்டு என்றார்: அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் ஊசி வேண்டாம், மற்ற நாள்களில் கைகழுவிவிட்டு, தையற்காரர் விரல் நுனியில் மாட்டும் உலோகத் தொப்பியை அணிந்து தைக்கவேண்டும், ஊசி குத்திவிட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவி, சிவந்தாலோ வீங்கினாலோ தெரிவிக்கவேண்டும், காய்ச்சல் கண்டால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்கு வந்துவிடவேண்டும். நான் இரண்டு மாதம் பூட்டி வைத்திருந்ததை அவர் நான்கு நிபந்தனைகளில் முடித்தார்.

இக்கட்டுப்பாடுகள் எல்லா நோய்க்கும் ஒன்றல்ல. நீரிழிவால் விரல் மரத்தவருக்குக் குத்தியதே தெரியாது. அவர் தைத்து முடித்ததும் மற்றொருவர் கையைப் பார்த்துவிட வேண்டும். டயாலிசிஸ் நடக்கும்போது குழாய் பொருத்திய கையை அசைக்கக் கூடாது. அந்த நேரம் தையலுக்கு உரியதன்று. பக்கவாதத்துக்குப் பின் எந்தக் கையால் எவ்வளவு நேரம் என்பதை இயன்முறை மருத்துவர்தான் சொல்லவேண்டும். படுக்கையில் தைத்தால் எழும்போது ஊசிகளை எண்ணி எடுப்பது உடனிருப்பவர் பொறுப்பு. ஆகவே கேளுங்கள். கேட்காமலே என்னைப்போல் தீர்ப்பளிக்காதீர்கள்.

தையல் நோயைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் நாள் முழுவதும் பிறர் கையில் இருக்கிறது. உண்ணும் வேளை, மருந்து, உறக்கம், எவர் வந்து பார்ப்பது, எல்லாவற்றையும் நாம் முடிவு செய்கிறோம். பச்சை நூலா, சிவப்பு நூலா என்பதையாவது அவர் முடிவு செய்யட்டுமே. அன்பின் பெயரால் அதையும் எடுத்துக்கொண்டால் சொந்த வீட்டிலேயே அவர் விருந்தாளியாகிவிடுகிறார்.

மருத்துவமனைக்கும் ஊசிநூலுக்கும் உறவு ஏற்பட்ட இடங்கள் உண்டு. நம் பச்சைமலைக்கு வடக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கி இருக்கிறது. அங்கே 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் பழங்குடி மக்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்தே, லம்பாடிப் பெண்களின் பூத்தையலை மீட்கும் முயற்சியும் கிளைத்தது. மூத்தோர் சிலரிடம் மட்டுமே எஞ்சியிருந்த தையல்களை இளையவர்கள் கற்றுக்கொண்டனர். அவர்கள் அமைப்பின் பெயர் 'போர்கை'; அவர்கள் மொழியில் பெருமிதம் என்று பொருள்.

"இது பெண்கள் வேலை" என்போருக்கு ஒரு செய்தி. முதல் உலகப் போரில் காயமுற்ற சிப்பாய்கள் பலர் மருத்துவமனைகளில் பூத்தையல் கற்றனர். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து தைத்த பலிபீடத் திரை 1919-இல் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் நடந்த நன்றி வழிபாட்டில் இடம்பெற்றது. துப்பாக்கி பிடித்த கைகளுக்கு இல்லாத கூச்சம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் மக்காச்சோளக் காட்டிலும் உழைத்த நம் கைகளுக்கு எதற்கு? உடனிருப்போருக்கும் இது பொருந்தும். மருத்துவமனைக் கூடத்தில் பெயர் அழைக்கக் காத்திருக்கும் மணிக்கணக்கான நேரத்தில், ஓயாத தொலைக்காட்சியைவிட மடியில் ஒரு துணி நல்ல துணை.

தொடங்க அதிகம் வேண்டாம். ஒரு பழைய வேட்டித் துண்டு, பெரிய காதுள்ள ஊசி, சில நூல்கண்டுகள், துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம். முதலில் ஓடு தையல். கை பழகியபின் சங்கிலித் தையல். கால் மணி நேரத்துக்கு மேல் குனிந்திருக்க வேண்டாம்.

எங்கள் போர்வையில் இன்னும் இரண்டு முழம் மீதமிருக்கிறது. அவருடைய விரல்களுக்கு இப்போது ஊசியின் காது தட்டுப்படுவதில்லை. நூல் கோப்பது என் வேலை. சென்ற வாரம் ஓர் ஓரத்தை என்னிடமே விட்டார். என் தையல் கோணலாக ஓடியிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.