படுக்கப் போகும் நேரத்தை யார் முடிவு செய்வது?

மூளை முடக்குவாதமோ மனவளர்ச்சிக் குறைபாடோ உள்ள பிள்ளையின் தாயோடு பேசிக்கொண்டிருந்தால், பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். “என் காலத்துக்கு அப்புறம் இவன யாரு பாத்துக்குவா?” வைப்புத்தொகை இருக்கலாம், வீட்டுப் பத்திரம் இருக்கலாம், அண்ணன் தம்பிகள் வாக்குக் கொடுத்திருக்கலாம். அந்தக் கேள்வி மட்டும் ஓயாது. நம் சமூகம் அதற்கு இரண்டே விடைகளை வைத்திருக்கிறது: குடும்பம், குடும்பத்தால் முடியாதபோது ஊருக்கு வெளியே ஓர் இல்லம்.

அந்த இரண்டாவது விடையைப் பற்றிப் பேச, போர் விமானி ஒருவரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறேன். இல்லம் என்ற ஏற்பாட்டின் மேன்மையும் கோளாறும் ஒரே மனிதரின் கதைக்குள் இத்தனை தெளிவாகக் கிடைப்பது அபூர்வம்.

லெனார்ட் செஷயர் 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா பெயர்பெற்ற சட்ட அறிஞர். மகனும் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம்தான் படித்தார். இரண்டாம் உலகப் போர் அவரை பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சு விமானி ஆக்கியது. 25 வயதில் குரூப் கேப்டன். அன்று அந்தப் படையிலேயே அந்தப் பதவியில் இருந்த மிக இளையவர். பதவி உயர்ந்ததும் பறப்பது குறைந்து கோப்புகள் கூடின. அவருக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு படி இறங்கி விங் கமாண்டராக, ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளை உடைத்துப் புகழ்பெற்ற 617-ஆம் படைப்பிரிவின் தலைமையை 1943-இல் ஏற்றுக்கொண்டார்.

1944 பிப்ரவரியில் பிரான்ஸின் லிமோஜ் நகரில் ஜெர்மானியருக்காக ஓடிக்கொண்டிருந்த விமான எஞ்சின் தொழிற்சாலை ஒன்றைத் தகர்க்கும் வேலை அவருக்கு வந்தது. உள்ளே இரவு வேலையில் இருந்தவர்கள் பிரெஞ்சுத் தொழிலாளர்கள், அதிலும் பெண்களே அதிகம். செஷயர் உடனே குறியிடவில்லை. கூரையை உரசுவதுபோல் மூன்று முறை தாழப் பறந்தார். ஓடிவிடுங்கள் என்று சொல்ல அவருக்கு வேறு வழி இல்லை. அதன் பிறகே இலக்கைக் குறித்துக் கொடுத்தார். பின்னால் வந்த விமானங்கள் தொழிற்சாலையை இடித்தன. அவர் தலைமை வகித்த முகாம்களில் எஞ்சின் துடைக்கும் தரைப் பணியாளர் வரைக்கும் பெயர் சொல்லி அழைப்பவர் என்றும் பெயர் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஒரு நாள் வீரத்துக்கு அல்ல; நான்கு ஆண்டுகள், நூறு பறப்புகள், விடாத துணிச்சல் என்பதற்காக.

1945 ஆகஸ்ட் 9. நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது பிரிட்டனின் பார்வையாளராக அமெரிக்க விமானம் ஒன்றில் இருந்து அதைக் கண்டவர் அவர். நமக்குக் கலிங்கத்து அசோகன் கதை பிடிக்கும். ரத்தம் பார்த்தான், வாளை எறிந்தான், தர்மத்துக்குத் திரும்பினான். செஷயரையும் அந்த வார்ப்பில் ஊற்றி எழுதியவர்கள் நிறைய. ஆனால் மனிதர் அப்படி மசியவில்லை. அந்தக் குண்டு போரை முடித்தது என்றே அவர் கடைசிவரை வாதிட்டார். அணு ஆயுதம் போரைத் தடுக்கும் என்றும் நம்பினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒரே இரவில் மனம் மாறிய மகான் என்ற கதையை விட்டுவிட்டால்தான் அவர் பிற்பாடு செய்தது நமக்கும் எட்டும் காரியமாகத் தெரியும்.

போருக்குப் பின் அவர் முதலில் செய்தது தோல்வியில் முடிந்தது. படையிலிருந்து வெளியேறிய ஆண்களும் பெண்களும் சேர்ந்து உழைத்துச் சேர்ந்து வாழும் குடியிருப்பு ஒன்றைக் கனவு கண்டார். தம் பெயருக்கு இருந்த செல்வாக்கைக் கொண்டு ஆட்களைத் திரட்டினார். ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பெரிய பழைய மாளிகைக்கு அது குடிபெயர்ந்தது. ஓரிரு ஆண்டுகளில் கடனும் மனஸ்தாபமுமாகக் கலைந்தது. ஒருவருடைய கனவில் மற்றவர்கள் வாடகைக்கு இருந்ததால் அது நிற்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

காலியான அந்த மாளிகைக்கு 1948-இல் வந்து சேர்ந்தவர் ஆர்தர் டைக்ஸ். கலைந்துபோன குடியிருப்பில் முன்பு இருந்தவர்தான். புற்றுநோய் முற்றிவிட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை என்றது மருத்துவமனை, போக இடமில்லை. செஷயர் அவரை அழைத்துவந்து, சமைத்துப் போட்டு, உடம்பு துடைத்து, படுக்கை மாற்றித் தாமே பார்த்துக்கொண்டார். அந்தக் கோடையில், ஜூலை 5-ஆம் தேதி, பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்று ஒரு நாடே அறிவித்த அதே மாதங்களில், குணமாக்க முடியாத ஒருவருக்குக் கட்டில் இல்லை. அரசு செய்தது மகத்தான காரியம். ஆனாலும் அதன் வலையில் ஓர் ஓட்டை இருந்தது. ஆகஸ்டில் டைக்ஸ் இறந்தார். அடுத்து, தொண்ணூறு வயது தாண்டிய ஒரு மூதாட்டி படுத்த படுக்கையாக வந்து சேர்ந்தார். பிறகு இன்னொருவர். எழுந்து நடமாட முடிந்தவர்கள் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ள, சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் சாமானும் உழைப்பும் கொடுக்க, இல்லம் தானாக உருவாயிற்று.

இதற்குப் பிறகு காசநோய் அவரைச் சுமார் இரண்டு ஆண்டுகள் படுக்கையில் போட்டது. நிறுவனர் படுத்த பிறகும் இல்லங்கள் வளர்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் ஓர் எளிய விதி: எந்த ஊரில் இல்லம் அமைகிறதோ அந்த ஊரார் குழு ஒன்று அதன் பொறுப்பை ஏற்க வேண்டும். கட்டடம், பணம், ஆள் எல்லாம் அவர்கள் கவலை. 1956-இல் மும்பை அந்தேரியில் இந்தியாவின் முதல் செஷயர் இல்லம் தொடங்கியதும் இந்த முறையில்தான். நம் பக்கத்தில் கோவளத்தில் ‘அன்பு நிலையம்’, காட்பாடியில் ‘விஸ்ராந்தி இல்லம்’ என்று தமிழ்ப் பெயர்களோடு அவை எழுந்தன. 1959-இல் அவர் சூ ரைடரை மும்பையில் மணந்தார். போலந்து அகதிகளுக்காக உழைத்த அந்த அம்மையார் தம் பெயரில் தனி அறக்கட்டளையே நடத்தியவர். இருவரும் சேர்ந்து டேராடூனில் ரிஸ்பனா ஆற்றங்கரையில் ‘ரஃபேல்’ மையத்தை நிறுவினார்கள். தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மனவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் அது இடம் கொடுத்தது. 1992-இல் செஷயர் இறந்தபோது ஏறத்தாழ ஐம்பது நாடுகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இல்லங்கள் இருந்தன. அவரைக் கொண்டுபோனது நரம்பியக்க நோய். கை கால் ஒவ்வொன்றாக ஓய்ந்து, தாம் யாருக்காக இல்லங்கள் கட்டினாரோ அவர்களில் ஒருவராகவே கடைசி மாதங்களைக் கழித்தார்.

இரங்கற் கட்டுரை என்றால் இங்கே முடித்துவிடலாம். ஆனால் லெ கோர்ட்டில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது.

பால் ஹன்ட் தசைச்சிதைவு நோய் உள்ளவர். 1956-இல், பத்தொன்பது வயதில் அங்கே வந்தார். மருத்துவமனையில் முதியவர்களின் வார்டில் இளமையைத் தொலைத்தவருக்கு லெ கோர்ட் ஒரு விடுதலைதான். முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு நிர்வாகம் இறுகியது. இரவு எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், வெளியே போனால் யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், ஒரு கோப்பை மது குடிக்கலாமா, ஆணும் பெண்ணும் பழகலாமா எல்லாவற்றுக்கும் விதி வந்தது. அறுபதுகளில் குடியிருப்பாளர்கள் எதிர்த்து நின்றார்கள். நன்றிகெட்டவர்கள் என்ற பட்டம் எந்த ஊரிலும் இந்தக் கட்டத்தில் வந்து சேரும். தங்கள் நிலையை ஆராய வாருங்கள் என்று அவர்களே அழைத்த ஆய்வாளர்கள் 1972-இல் எழுதிய புத்தகம் இன்னும் வலித்தது. இல்லத்துக்குள் வருவது சமூக அளவில் இறப்பதற்குச் சமம் என்றும், மீதிக் காலத்தை அமைதியாகக் கடத்துவதே இல்லத்தின் வேலை என்றும் கொள்ளத்தக்க விதத்தில் அது இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஹன்ட் ‘கார்டியன்’ நாளிதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். இல்லங்களில் அடைபட்டிருப்போரின் குரலாக ஓர் அமைப்பு வேண்டும் என்பதே அதன் சாரம். அந்தக் கடிதத்திலிருந்து பிறந்த இயக்கம் 1976-இல் ஓர் ஆவணம் வெளியிட்டது. உடலில் இருப்பது குறை, முடக்குவதோ சமூகம் என்ற பிரிப்பு அதில்தான் துலக்கமாக வந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவரை வெளியே நிறுத்துவது அவர் கால் அல்ல, வாசற்படி என்று இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அதன் வேர்களில் ஒன்று செஷயர் இல்லத்தின் ஒரு படுக்கையறையில் இருக்கிறது.

செஷயரைத் தாழ்த்த இதைச் சொல்லவில்லை. பொறுப்பை ஊரோடு பங்கிட்டவர் அவர், அதுவே பெரிது. பங்கு வாங்கியவர்களின் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனது. கட்டிலில் இருந்தவரின் பெயர்.

நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் ஈரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிறந்தநாள், திருமண நாள், அப்பாவின் திதி எதுவானாலும் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடும் வழக்கம் தமிழ்நாட்டில் ஆழமாக வேரோடியிருக்கிறது. இல்லத்துச் சுவரில் காலைக்கு இவ்வளவு, வடை பாயசத்தோடு மதியத்துக்கு இவ்வளவு என்று பலகையே தொங்கும். நானும் அப்படிப் போயிருக்கிறேன். எங்கள் வேன் நெரிசலில் மாட்டி ஒன்றேகால் மணி நேரம் தாமதம். உள்ளே நுழைந்தபோது நாற்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறியிருந்தது. நாங்கள் வந்து, ஒரு பாட்டுப் பாடி, படம் எடுத்துக்கொண்ட பிறகே முதல் கவளம். எதிரே இருந்த இளைஞர் என்னை நிமிர்ந்து பார்த்து, “பரவால்ல சார், பழக்கம்தான்” என்றார். அன்று லெ கோர்ட்டின் படுக்கை மணி எனக்குப் புரிந்தது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். இத்தனை பேருக்கும் இல்லம் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எவரையும் குறிப்பிட்ட ஒரு வாழிடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அந்தத் தாயின் கேள்விக்கும் சட்டத்தில் ஒரு தொடக்கம் உண்டு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். அந்தக் குழுவில் தொண்டு நிறுவனத்தார் ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அரசு, தொண்டு, சம்பந்தப்பட்டவர் ஆகிய மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் இந்த ஏற்பாடு பல பெற்றோருக்குத் தெரியவே தெரியாது. ஊர் ஊராகச் சொல்ல வேண்டிய செய்தி இது.

இந்த விஷயத்தில் கட்சியும் சாதியும் மதமும் கடந்து நாம் ஒத்துப்போக முடியும் என்று நம்புகிறேன். செலவின் பெரும்பங்கு அரசுடையது. அதை நன்கொடைத் தட்டில் தள்ளிவிட்டு ஒதுங்க அதற்கு உரிமை இல்லை. இல்லம் நடத்துவோர் தங்கள் நிர்வாகக் குழுவில் அங்கே குடியிருக்கும் இருவருக்காவது ஓட்டுரிமையுள்ள நாற்காலி போடட்டும். உணவுப் பட்டியலும் படுக்கும் நேரமும் அவர்கள் கையில் இருக்கட்டும். கொடுப்பவர்கள் பணத்தை முன்னதாக அனுப்பிவிட்டு, போகும் நாளில் பந்தியில் கூடவே உட்காரலாம், படம் வேண்டாம். சாப்பாட்டைவிடப் பல இல்லங்களுக்குத் தேவைப்படுவது பராமரிப்பாளர் சம்பளம். பிறந்தநாள் கணக்கில் யாரும் அதைத் தருவதில்லை. அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியது இன்னும் சிறியது: தெருமுனைக் கடை வாசலில் ஒரு சரிவுப் பாதை, குடியிருப்பு சங்கக் கூட்டத்துக்கு ஓர் அழைப்பு.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வகைசெய்யும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. நியமனம்தான், தேர்தல் அல்ல என்ற குறை சிலருக்கு இருக்கலாம். ஆனால் ஹன்ட் கேட்ட நாற்காலி இதுதான். இங்கே அது கிராம ஊராட்சி வரைக்கும் வந்திருக்கிறது. போன வாரம் வேறு வேலையாக ஓர் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கூட்ட அரங்கு மாடியில். கீழிருந்து எண்ணிக்கொண்டே ஏறினேன், இருபத்திரண்டு படிகள். கீழ்த்தளத்தில் விசாலமான ஓர் அறையில் பழைய ஓட்டுப்பெட்டிகளும் உடைந்த நாற்காலிகளும் அடுக்கிக் கிடந்தன. அதைக் காலிசெய்து பெருக்க நாலு பேருக்கு ஒரு காலைப்பொழுது போதும்.