தராசுக்குப் பக்கத்தில் ஒரு நாடா



“போன வருசமும் எழுபது கிலோ, இந்த வருசமும் எழுபதுதான். எனக்கென்ன குறை?” என்று நம்மில் பலர் சொல்கிறோம். அந்த எழுபதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தராசு சொல்லுமா?

செம்பனைக் குலை வெட்டித் தூக்குகிறவர் ஒருவர், ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர் ஒருவர். இருவரும் 170 செண்டிமீட்டர் உயரம், 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தையும் எடையையும் வைத்துக் கிளினிக்கில் போடும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் 24 என்றே வரும். ஆசிய மக்கள் 23-லேயே கவனமாக இருக்க வேண்டும் என்று 2004-இல் உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் சொன்னார்கள். ஆக, இருவருமே கோட்டைத் தாண்டியவர்கள்! ஆனால் ஒருவருக்கு அது தோள் தசை, மற்றவருக்கு வயிற்றுக் கொழுப்பு.

ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் பொல்லாதது. கை கால் குச்சியாக இருந்தாலும் நம்மவர்களுக்கு அது வயிற்றில் சேர்ந்துவிடுகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடையேதான் அதிகம்.

இந்தப் பயத்தைக் காசாக்கச் சிலர் மின்சாரத் தராசோடு லயத்துக்கே வந்துவிடுகிறார்கள். “அக்கா, உங்க உடம்பு வயசு ஐம்பத்தஞ்சு” என்று மிரட்டி மாவு டின்னை விற்கிறார்கள். அந்தத் தராசு கொழுப்பை நேராக அளப்பதில்லை. காலடியில் மெல்லிய மின்சாரம் விட்டு, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, வயதையும் உயரத்தையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறது. நீருள்ள தசையில் மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பில் ஓடாது. காலையிலிருந்து மரம் சீவி வியர்த்து வந்தவர் ஏறினால், கொழுப்பின் அளவை அது தப்பாகக் காட்டிவிடலாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது.

தையல்கார அக்காவிடம் இருக்கும் அளவு நாடா போதும், தோழர்களே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், துணிக்கு மேலே அல்ல, தோலின் மேல் சுற்றுங்கள். வயிற்றை எக்காதீங்க, மூச்சை விட்டபின் பாருங்கள். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80. கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. அளவு அதை எட்டிவிட்டால், எடை எதுவானாலும், கிளினிக்குக்குப் போய் ரத்தத்தில் சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்ட மருந்தகத்தில் தராசு இருக்கும் இடத்தில் ஒரு நாடாவும் தொங்க வேண்டும், அளந்ததை அட்டையில் எழுத வேண்டும் என்பது என் கருத்து. சில ரிங்கிட் சாமான்தானே, நிர்வாகம் செலவைச் சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.