கடன் போகாத தெருக்களைக் காட்டிய வரைபடம்

மே தினம் என்றால் சிக்காகோ என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே சிக்காகோவில் பின்னாளில் இன்னொரு போராட்டம் நடந்தது. அது வீட்டுக் கடனுக்கான போராட்டம். அதை முன்நின்று நடத்தியவர்களில் பலர் சாதாரணக் குடும்பப் பெண்கள். நம் தோட்டக் கமிட்டிகளில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1930களின் பொருளாதார மந்தத்தில் இங்கே நம் முன்னோரின் சம்பளம் வெட்டப்பட்டது. அமெரிக்காவில் வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுத்தவர்கள் தவணை கட்ட முடியாமல் வீட்டையே இழந்தார்கள். அவர்களுக்கு உதவ அங்குள்ள அரசாங்கம் 1933இல் ஒரு கடன் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. அது 200க்கும் அதிகமான நகரங்களுக்கு வரைபடம் போட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம் கொடுத்தது. நல்ல பகுதி பச்சை, அடுத்தது நீலம், பிறகு மஞ்சள். கடன் கொடுக்க ஆபத்தான பகுதி சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் அநேகமாக எல்லாமே சிவப்பு. வீடு உறுதியாக இருந்ததா, குடியிருந்தவர் மாதச் சம்பளக்காரரா என்பதெல்லாம் பிறகுதான். 1934இல் வங்கிகளின் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி கொடுக்கத் தொடங்கிய அரச நிறுவனமும் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஒதுக்கியே வைத்தது.

வங்கி கடன் கொடுக்காவிட்டாலும் மனிதனுக்கு வீடு வேண்டுமே. சிக்காகோவில் கறுப்பினக் குடும்பங்கள் "ஒப்பந்தத்தில்" வீடு வாங்கின. விலை இரண்டு மடங்கு, சில வேளை அதற்கும் மேல். கடைசித் தவணை கட்டும் வரை உறுதி விற்றவர் கையிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினால் வீடும் போகும், அதுவரை கட்டிய காசும் போகும். வங்கிக்குப் போக வழியில்லாமல் மீற்றர் வட்டிக்காரரிடம் போகும் நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வீட்டு விடயத்தில் இனம் பார்ப்பதை 1968இல் சட்டம் தடைசெய்தது. ஆனால் வங்கிகளின் பழக்கம் மாறவில்லை. தனியாளாகப் போய்க் கேட்டவருக்கு வங்கி ஒரு காரணம் சொன்னது. உன் வருமானம் போதாது, வேலை நிரந்தரமில்லை, அந்த வீட்டுக்கு அவ்வளவு பெறுமதி இல்லை. ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டால் நியாயமாகவே தோன்றும், சிலது உண்மையாகவும் இருக்கும். ஆயிரம் பேருக்கு ஆயிரம் காரணம் சொல்லிவிடலாம். அந்த ஆயிரம் பேரும் ஒரே தெருக்களில் இருக்கிறார்கள் என்பது யார் கண்ணிலும் படாது.

அதைக் கண்ணில் படவைக்கத்தான் கேல் சின்கோட்டா போன்றவர்கள் போராடினார்கள். ஆறு பிள்ளைகளின் தாய் அவர். சிக்காகோவின் ஒஸ்டின் பகுதியில் பாடசாலைப் பெற்றோர் சங்க வேலையில் தொடங்கியவர். எந்தப் பகுதிக்கு எவ்வளவு வீட்டுக் கடன் போகிறது என்ற கணக்கை வங்கிகள் வெளியிட வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 1975இல் அது சட்டமானது. கடனைக் கேட்பதற்கு முன் கணக்கைக் கேட்டார்கள் பாருங்கள், அதைத்தான் நான் மெச்சுகிறேன்.

அந்தக் கணக்கு என்ன செய்யும் என்பது 1988இல் அட்லாண்டா நகரில் தெரிந்தது. பில் டெட்மன் என்ற பத்திரிகையாளர் 1981 முதல் 1986 வரையான கடன்களை எடுத்து, பகுதி பகுதியாக வரைபடத்தில் குறித்தார். பணக்கார வெள்ளையரையும் ஏழைக் கறுப்பினத்தவரையும் ஒப்பிட்டிருந்தால் வங்கி சிரித்திருக்கும். அவர் ஒரே அளவு வருமானமுள்ள பகுதிகளை ஒப்பிட்டார். வெள்ளையர் பகுதிகளுக்குக் கறுப்பினத்தவர் பகுதிகளைவிட ஐந்து மடங்கு கடன் போயிருந்தது. கட்டுரைகள் வெளிவந்த சில நாட்களிலேயே நகரத்து வங்கிகள் அந்தப் பகுதிகளுக்குக் குறைந்த வட்டியில் கோடிக்கணக்கான டொலர் கடன் தருவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது. கேட்டவர் எந்த இனம், வருமானம் என்ன, கொடுத்தார்களா மறுத்தார்களா என்பதையும் வங்கிகள் பதிய வேண்டியதாயிற்று.

வரைபடம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எங்கே என்று காட்டும், ஏன் என்று காட்டாது. பழைய கடனை ஒழுங்காகக் கட்டினார்களா என்பதைப் பாராமல் குற்றம் சொல்கிறார்கள் என்று வங்கிகள் வாதிட்டன. 1992இல் பொஸ்டனில் உள்ள மத்திய வங்கிக் கிளை அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. இடைவெளி குறைந்தது, ஆனால் மறையவில்லை.

இப்போது நம் விடயத்துக்கு வருவோம். அட்லாண்டாவில் செய்ததுபோல இங்கே வீட்டுக் கடன் வரைபடம் போட்டால் தோட்டங்கள் இருக்கும் இடம் வெறுமையாகவே இருக்கும். பார்ப்பவர் "இவர்கள் கடனே கேட்கவில்லையே" என்பார். எதை வைத்துக் கேட்பது? லயக்காம்பராவுக்கு உறுதி கிடையாது. காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, வியர்வை மட்டும் நம்முடையது. ஈடு வைக்க உறுதி இல்லாதவர் காதிலும் கழுத்திலும் இருப்பதைத்தான் அடகு வைக்கிறார். ஆகவே நாம் முதலில் போட வேண்டியது உறுதியின் வரைபடம்.

எந்த மலையில் எத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டக் காரியாலயம் நாள் தவறாமல் எழுதி வைக்கிறது. எந்த டிவிசனில் எத்தனை குடும்பத்தின் கையில் 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி இருக்கிறது என்று நாம் எழுதி வைத்திருக்கிறோமா? தனி வீட்டுக்குப் போய் உறுதி கிடைக்காதவர் எத்தனை பேர்? வங்கிக்குப் போனவர் யார், அவரிடம் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்? பக்கத்துக் கிராமத்தில் அதே வருமானமுள்ளவருக்கு என்ன கிடைத்தது?

படம் கீற என் வகுப்புப் பிள்ளைகள் போதும், அவர்களுக்கு நிறந்தீட்டக் கொள்ளை ஆசை. கணக்கை எடுக்க வேண்டியவர்கள் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும்தான். லயம் லயமாகப் போய், ஒரு கொப்பியில் குடும்பத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். ஆட்களின் பெயர் வேண்டாம், லய இலக்கம் போதும். அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.